நீலக் கவரும் என் மேசையும்

அந்தோனி அண்ணன் கராஜுக்குள் நுழைந்த வேகத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எத்தாளையிலிருந்து புத்தளம் வரைக்கும் பறந்து வருகிற மனிதர், அன்றைக்கு மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து வந்தார். மோட்டார் சைக்கிளின் முன்பக்க நீலக் கவர் பச்சை வலைக்கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். என் முகத்தைப் பார்க்காமலே கயிற்றை அவிழ்த்தார். இடது பக்கக் கவர் அவருடைய கையோடு வந்துவிட்டது. அதை என் மேசையில், காய்ச்சல்காரப் பிள்ளையைக் கிடத்துவதுபோல மெதுவாக வைத்தார்.

"கோவிக்காதீங்க தங்கச்சி. திரும்பவும் விட்டிட்டுது."

நான் ஒட்டிக் கொடுத்து அது விடுவது இரண்டாவது தடவை.

ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த என் நானா, கூடப்பிறந்த மூத்தவர், எழும்பி வந்தார். கராஜ் அவருடையது. அதில் ஒரு மூலையும் ஒரு மேசையும்தான் என்னுடையவை.

"விழுந்தீங்களா அந்தோனி?"

"விழேல்ல நிஸார். விழப் பாத்தன். நுரைச்சோலை தாண்டி வாறன், கவர் உள்ளுக்கு மடங்கி முன் சில்லுல உரசுது. கர்த்தர் புண்ணியம், வேகம் குறைவு. ஒரு மாதிரி நிப்பாட்டிட்டன்."

நானாவின் முகம் மாறியது. அந்தோனி அண்ணனைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி வரவழைத்துவிட்டு, என்னிடம் வந்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ரிஸ்மியா, இது வாளி இல்ல. ஆள் ஓடுற சாமான். சில்லுக்குள்ள போயிருந்தா அந்த மனிசன் இண்டைக்கு இல்ல."

"ஓம் நானா."

"இன்னொரு தரம் ஒட்டிப் பாரு. அதுவும் கழண்டு வந்தா இந்த வேலை இஞ்ச வேணாம். மேசைய எடுத்துப்போட்டு அந்த இடத்தில டயர் அடுக்குவன்."

"இனிக் கழராது," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அது ஏன் கழன்றது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் வாக்குக் கொடுப்பது எனக்குப் பிறவிப் பழக்கம். "இவள் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால்" என்று உம்மா சொல்லுவார். எண்ணிப் பார்த்தால் சில முயல்களுக்கு இரண்டு கால்தான் இருந்திருக்கிறது.

வாளிக் கதை

நானா வாளி என்றதற்கு ஒரு காரணம் உண்டு.

மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை எல்லாம் வெளியேற்றியபோது எனக்குப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. புத்தளத்து அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் பல வருடங்கள் இருந்தோம். அந்த நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் நிறையவே புலம்பியாயிற்று, இன்றைக்கு வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். முகாமில் தண்ணீர் பவுசர் லொறியில் வரும். அது வரும் நேரத்தில் உங்களிடம் வாளி இருக்கவேண்டும். வாளி வெடித்திருந்தால் உங்கள் வீட்டுக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

எங்கள் சிவப்பு வாளி வெடித்தது. உம்மா தலையில் கை வைத்தார். நான் பழைய கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, வெடிப்பின் மேல் இழுத்து, பிளாஸ்டிக்கை உருக்கி மூடினேன். புகையில் கண் எரிந்தது, விரல் வெந்தது. ஆனாலும் வாளி ஒழுகவில்லை. பக்கத்துக் கொட்டிலிலிருந்து ஒரு வாளி வந்தது. அதற்குப் பிறகு வரிசையில் வந்தன.

நானாவுக்கு நான் அன்றிலிருந்தே வாளிக்காரிதான். பாசமாகச் சொல்லும்போதும் அதே பேர், கோபத்திலும் அதே பேர்.

மேசை பிடித்த விதம்

தையல் மெஷினை விட்ட கதையைச் சென்ற கிழமை எழுதியிருந்தேன். தவறவிட்டவர்களுக்கு இரண்டே வரி: முதுகு கேட்கவில்லை, வைத்தியர் மெஷினில் குனியக்கூடாது என்றார். அந்த நேரத்தில்தான் கனமூலை ஊரில் என் வீட்டுக் கேற்றில் இடித்து என் ஸ்கூட்டியின் முன் கவர் பிளந்தது.

வெளிநாட்டிலிருந்து வாகனமும் வராமல் உதிரிப் பாகமும் வராமல் நாடு கதவைச் சாத்திக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கடைகளில் கேட்டால் "இல்ல ராத்தா" என்ற ஒரே பதில். பழைய இரும்புக் கடையிலும் இல்லை. என்னைக் கட்டிய மாப்பிள்ளை, "கம்பியால தைச்சிட்டு ஓடு, யார் பாக்கப் போறாங்க?" என்றார். அவர் எதையும் கம்பியால் கட்டி வாழ்க்கையை நடத்துகிறவர்.

எனக்கு மனம் கேட்கவில்லை. சாமான் கடையில் இரண்டு குழாயாக வரும் எபொக்சிப் பசை வாங்கினேன். ஒரு குழாயில் பசை, மற்றதில் அதைக் கல்லாக்குகிற மருந்து. இரண்டையும் சரிபாதி பிழிந்து, குழைத்து, வெடிப்பின் உள்பக்கம் பூசினேன். ஸ்கூட்டிக் கவர் அதற்குப் பிறகு எத்தனையோ குழியில் விழுந்து எழும்பியும் அசையவில்லை.

நானா ஒருநாள் அதைத் தட்டிப் பார்த்தார். அடுத்த நாள் ஒரு வாடிக்கையாளரின் உடைந்த கவரை என்னிடம் நீட்டினார். இரண்டு மாதத்தில் கராஜின் மூலையில் எனக்கு ஒரு மேசை வந்தது. வந்தவர்கள் "யார் ஒட்டினது?" என்று கேட்டால் நானா, "கடையில ஒட்டினது," என்பார். எனக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனால் மேசை இருக்கிறதே என்று பேசாமல் இருந்தேன். எனக்கு அந்த மேசை வேண்டியிருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். அதைவிட, உடைந்த ஒரு சாமான் என் கையில் வந்து முழுசாகப் போவதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். தைத்த காலத்தில் எனக்கு அது கிடைக்கவில்லை.

அந்தோனி அண்ணனுக்கு நான்தான் ஒட்டுகிறேன் என்று தெரியும். அவர் வரும்போதெல்லாம் நேரே என் மேசைக்கு வருவார். ஐம்பத்தைந்து வயது, கடல் தொழில், கொஞ்சம் மிளகாய்த் தோட்டம். அந்த வயதில் இளவட்டங்கள் ஓடுகிற, முன்னுக்குக் கூர்க் கவர் வைத்த நீல நிற மோட்டார் சைக்கிள். கேலி செய்பவர்களிடம், "என்ர முழங்கால்தான் கிழடு, நான் இல்ல," என்பார்.

எட்டு நாள்

முதல் தடவை அவருடைய கவர் வந்தபோது வேலை இலகுவாகத்தான் தெரிந்தது. மணலில் சறுக்கி விழுந்ததில் இடது பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. கவரைச் சட்டத்தோடு பிடித்து வைக்கிற காது ஒன்றும் பாதி உடைந்திருந்தது. சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவினேன். அரத்தாளால் உரசினேன். இரண்டு பக்கமும் பசை. உள்பக்கம் பலத்துக்கு, ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுகிற கண்ணாடி நார்த் துணியில் ஒரு துண்டு. கற்பிட்டியில் படகு செய்கிற இடத்தில் வெட்டி எறிகிற துண்டுகளைக் கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்கள்.

எட்டாம் நாள் கழன்றது.

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு," என்று நானா சிரித்தார். அப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.

நான் பசையில் பிழை என்றேன். கடைக்காரன் பழைய சரக்கைத் தந்துவிட்டான் என்றேன். நானா அதற்கும் ஒரு பழமொழி வைத்திருந்தார்.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்."

கோபத்தில் வேறு பசை வாங்கினேன். கவரின் உள்பக்கத்தில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்து, பசை பிடிக்காத வகைப் பிளாஸ்டிக்கோ என்று விசாரித்தேன். இல்லை, பிடிக்கிற வகைதான். வெடிப்பின் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போட்டேன். துளை போட்டால் வெடிப்பு அதைத் தாண்டி ஓடாது. படகுக்காரர்கள் சொல்லித் தந்த வேலை. இரண்டு நாள் காயவிட்டுப் பூட்டிக் கொடுத்தேன்.

அதுதான் நுரைச்சோலை தாண்டி முன் சில்லில் உரசிய கவர்.

அன்றைக்கு அந்தோனி அண்ணன் பஸ்ஸில் எத்தாளைக்குப் போன பிறகு, நான் அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். ஒட்டு உடையவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பசை, நார்த் துணி எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக, வழுவழுவென்று கழன்று வந்திருந்தது. கீழே இருந்த பிளாஸ்டிக்கில் பசையின் தடயமே இல்லை. பிடித்து உடைந்தது வேறு, பிடிக்காமலே இருந்தது வேறு. என் பசை அந்தக் கவரை ஒரு நாளும் பிடிக்கவே இல்லை.

என் ஸ்கூட்டியைப் பிடித்த அதே பசை, அதே கை. இவருடைய கவரை மட்டும் ஏன் பிடிக்கவில்லை?

அந்த மோட்டார் சைக்கிள் எங்கே, எப்படி வாழ்கிறது என்று பார்க்காமல் மூன்றாம் முறை பசை குழைப்பதில்லை என்று முடிவு செய்தேன். நானாவிடம் சொன்னேன். அதற்குள் வண்டியை நானாவே ஒரு ஆளைக்கொண்டு கவரில்லாமல் எத்தாளைக்கு அனுப்பி வைத்திருந்தார்.

"கவர் ஒட்ட அம்மாம் தூரம் போகணுமா? நீ என்ன டாக்டரா, வீட்டுக்குப் போய் நோயாளியைப் பாக்க?"

"வெள்ளிக்கிழமை கராஜ் பூட்டுத்தானே. போய்ட்டு வாறன்."

எத்தாளையில் அப்பம்

வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பாலாவி தாண்டி உப்பளங்களைக் கடக்கும்போது தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்தது. அபாயா காற்றில் படபடத்தது. வலது பக்கம் களப்பின் உவர்நீர், இடது பக்கம் காற்றாலைகள். நுரைச்சோலைக்குப் போவதற்குள் என் ஹெல்மெட் கண்ணாடியில் உப்புப் படிந்து பாதை மங்கலாகிவிட்டது. அந்தத் தீபகற்பத்தில் எல்லாவற்றின் மேலும் உப்பு இருக்கும். உதட்டை நக்கினால் தெரியும்.

அந்தோனி அண்ணனின் வீடு மிளகாய்த் தோட்டத்தை ஒட்டி இருந்தது. அவருடைய மனைவி அருள் அக்கா வெளிக் குசினியில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பாமலே கூப்பிட்டார்.

"வாங்க தங்கச்சி, இருங்க. அந்த மெசினுக்கு அவர் இன்னும் அலங்காரம் செய்து முடிக்கேல்ல. நேத்துத்தான் வந்து சேந்துது, விடிஞ்சதிலயிருந்து அதோடதான். என்ர தலைக்கு எண்ணெய் இல்ல, அதுக்கு மட்டும் நாள் தவறாமல் எண்ணெய்."

முற்றத்தில் பார்த்தேன். அந்தோனி அண்ணன் குந்தியிருந்தார். இடது கவர் இல்லாத மோட்டார் சைக்கிள், ஒரு பல் விழுந்த வாயோடு நின்றது. அவர் ஒரு போத்தலிலிருந்து துணியில் எண்ணெய் ஊற்றி, வலது பக்கக் கவரை ஒரு இண்டு இடுக்கு விடாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில் அருள் அக்கா அடுத்த அப்பத்துக்காகத் தாச்சியைத் துடைத்தார். எண்ணெயில் தோய்த்த துணிப் பொட்டலம். ஒரு சுற்று. மாவை ஊற்றினார், சுழற்றினார், மூடினார். வெந்ததும் அகப்பைக் காம்பை ஓரத்தில் விட்டார். அப்பம் வழுவழுவென்று ஒரே துண்டாகக் கழன்று வந்தது.

நான் எழும்பி முற்றத்துக்குப் போனேன்.

"அண்ணன், அது என்ன எண்ணெய்?"

"தேங்காயெண்ணெய். கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்திருக்கு, அப்பத்தான் ஓட்டைக்குள்ள எல்லாம் ஓடும்."

"ஒவ்வொரு நாளும் பூசுறீங்களா?"

"பூசாம? எங்கட ஊர்க் காத்து உங்களுக்குத் தெரியாதா? எத்தாளையில சைக்கிள், தண்ணி மெசின், கேற்று, எல்லாத்துக்கும் எண்ணெய் போடுவம். இல்லாட்டி உப்புத் திண்டிரும்."

"கவர் பிளாஸ்டிக் அண்ணன். உப்பு இரும்பைத்தான் தின்னும்."

அவர் துணியைப் பார்த்தார். கவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அருள் அக்கா குசினியில் அடக்க முடியாமல் சிரித்தார்.

"அப்ப இவ்வளவு நாளும்?"

"கவருக்கு அபிஷேகம் செய்திருக்கிறீங்க."

சிரித்தாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தக் கரையில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். இங்கே வண்டிக்கு எண்ணெய் பூசுவார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் கராஜிலேயே அதற்கென்று ஒரு போத்தல் இருக்கிறது. தினமும் கண்ணில் படுகிறது என்பதாலேயே நான் அதை ஒருநாளும் யோசிக்கவில்லை. என் ஸ்கூட்டிக்கு நான் எண்ணெய் பூசுவதில்லை. அதுவும் அறிவால் அல்ல, அபாயாவில் கறை பிடிக்கும் என்ற பயத்தால். அந்தப் பயம்தான் என் ஸ்கூட்டிக் கவரைக் காப்பாற்றியிருக்கிறது. நான் அதை என் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அருள் அக்கா இரண்டு முட்டை அப்பம் தின்ன வைத்துத்தான் விட்டார்.

தண்ணீர் படுக்கவேண்டும்

சனிக்கிழமை காலை மேசைக்கு வந்தவுடன் முதலில் நான் பசையைத் தொடவில்லை. கவரைக் கழுவத் தொடங்கினேன்.

முன்பு செய்த பிழை இப்போது விளங்கியது. சவர்க்காரத்தூள் மேலே இருந்த எண்ணெயைத்தான் எடுத்தது. மண்ணெண்ணெயோடு கலந்து வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் அங்கேயே இருந்தது. அதன் மேல் அரத்தாள் போட்டு, எண்ணெயைக் கீறல்களுக்குள் நானே தேய்த்து ஏற்றியிருக்கிறேன்.

படகு செய்கிற ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். அவர் ஒரு சோதனை சொன்னார். "தண்ணி தெளிச்சுப் பாருங்க. முத்து முத்தா நிண்டா எண்ணெய் கிடக்கு. பரவிப் படுத்தா எண்ணெய் இல்ல. படுக்கிற வரைக்கும் பசை திறக்காதீங்க."

பாத்திரம் கழுவுகிற திரவம் போட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்தேன். கழுவினேன். தெளித்தேன். முத்து முத்தாக நின்றது.

ஸ்பிரிட் தோய்த்த வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி மஞ்சளாக வந்தது. துணியை எறிந்தேன், புதுத் துணி எடுத்தேன். தெளித்தேன். முத்து.

இரண்டாம் முறை கழுவும்போது, கராஜ் கிணற்றுத் தண்ணீர் உவர் என்பது நினைவுக்கு வந்தது. எண்ணெயை எடுத்துவிட்டு உப்பை வைத்துவிட்டால் என்ன பிரயோசனம்? குடிக்க வாங்கி வைத்திருந்த வடிகட்டிய தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். நானா பார்த்துவிட்டார்.

"குடிக்கிற தண்ணியில கவர் கழுவுறியா? மனிசருக்கே தண்ணி இல்லாத ஊரில?"

"இண்டைக்கு எனக்குத் தாகம் இல்ல நானா. என்ர பங்குதான் இது."

அவர் தன்னுடைய எஞ்சினுக்குத் திரும்பிப் போனார்.

வெடிப்பைக் கூரான கத்தியால் இரண்டு பக்கமும் சரித்து வெட்டி, வாய்க்கால் மாதிரி அகலமாக்கினேன். எண்ணெய் குடித்த பிளாஸ்டிக்கைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். திரும்பவும் திரவம், தண்ணீர், ஸ்பிரிட். தெளித்தேன். ஓரத்தில் படுத்தது, நடுவில் முத்து. திரும்பவும் தொடங்கினேன். கை ஊறி வெளுத்துப்போனது. விரல் நுனிகளில் ஸ்பிரிட் எரிந்தது. கராஜுக்கு வந்த ஒருவர், "என்ன ராத்தா, கவரைக் குளிப்பாட்டித் தொட்டில்ல போடப்போறீங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். பதில் சொல்லி நேரத்தை வீணாக்க எனக்கு விருப்பமில்லை.

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பின்னேர அஸர் தொழுகைக்குச் சற்று முன், தெளித்த தண்ணீர் வெடிப்பின் நுனியிலிருந்து நுனிவரைக்கும் மெல்லிய தகடாகப் பரவிப் படுத்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. ஒரு கவருக்காகவா அழுகிறாய் என்று கேட்டால், ஓம், அதற்காகத்தான்.

அடுத்த நாள் காலை அது நன்றாகக் காய்ந்தபின் பசையைத் திறந்தேன். வாய்க்கால் நிறையப் பசை, உள்பக்கம் நார்த் துணி இரண்டு அடுக்கு, உடைந்த காதுக்கும் நார்த் துணியைச் சுற்றிப் பசையால் புதுக் காது. துணி காயப்போடுகிற கிளிப்புகளால் வரிசையாகக் கவ்வி வைத்தேன். மூன்று நாள் யாரையும் கிட்டே விடவில்லை. கராஜின் எண்ணெய்ப் போத்தலை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அந்தோனி அண்ணன் வந்தபோது நானாவே கவரைப் பூட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு ஆணியையும் இரண்டு முறை பார்த்தார். நான் அண்ணனிடம் சத்தியம் வாங்கினேன்.

"கவருக்கு எண்ணெய் இல்ல. தண்ணியால மட்டும் துடைக்கணும்."

"மாதா மேல ஆணை. ஆனா கை அரிக்கும் தங்கச்சி."

"அக்காட தலைக்குப் பூசுங்க."

கழுதை

எட்டு நாள் போனது. பத்து நாள் போனது. நான் தெருவில் நீல நிறம் எதைக் கண்டாலும் திடுக்கிட்டேன். ஒரு மாதம் போனது. நானா டயர் பற்றிப் பேசவில்லை, மேசையைப் பற்றியும் பேசவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு, ஒரு சின்ன லொறி கராஜ் வாசலில் நின்றது. பின்னால் அந்தோனி அண்ணனின் மோட்டார் சைக்கிள் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அவர் முன் ஆசனத்திலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கினார். முழங்காலில் கட்டு. கையில் நீலக் கவர். இடது பக்கம். இரண்டு துண்டாக.

என் கையில் இருந்த அரத்தாள் கீழே விழுந்தது.

"என்ன நடந்தது?" நானாதான் கேட்டார்.

"கழுதை. கற்பிட்டி ரோட்டுல மூண்டு கழுதை. ரெண்டு போச்சுது, நான் வண்டிய எடுத்தன். மூண்டாவது பின்னால வந்துது. இடது பக்கம் அப்பிடியே தாருல இழுபட்டுப் போனன்."

"எலும்பு?"

"எலும்பு நல்லா இருக்கு. கழுதையும் நல்லா இருக்கு. கவர்தான் மௌத்தாப்போச்சுது."

நானா இரண்டு துண்டையும் அவருடைய கையிலிருந்து வாங்கினார். என் மேசைக்குக் கொண்டுவந்தார். நான் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது அந்தோனி அண்ணனின் முழங்கால் இல்லை. அதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். டயர்கள்தான் ஓடின. ஒன்றின் மேல் ஒன்றாக, கறுப்பாக.

நானா துண்டுகளை வெளிச்சத்தில் திருப்பினார். உடைந்த விளிம்பில் விரலை ஓட்டினார். நெற்றி சுருங்கியது.

"இது எங்க நீ ஒட்டின இடம்?"

நான் காட்டினேன். வெடிப்பு அங்கே இல்லை. என் ஒட்டிலிருந்து நாலு விரல் தள்ளி, ஒரு நாளும் உடையாத நல்ல பிளாஸ்டிக்கில் கவர் இரண்டாகப் பிளந்திருந்தது. என் ஒட்டு, நார்த் துணி, புதுக் காது எல்லாம் அப்படியே இருந்தன. தாரில் உரசிப் பெயின்ட் போயிருந்தது. அவ்வளவுதான்.

நானா நம்பவில்லை. ஒட்டின் இரண்டு பக்கமும் பிடித்து வளைத்தார். வளைந்தது, விடவில்லை. ஸ்க்ரூட்ரைவரின் நுனியை ஓரத்தில் விட்டு நெம்பினார். கிளம்பவில்லை. போய் ரப்பர்ச் சுத்தியலை எடுத்துவந்தார்.

"நிஸார், அது என்ர கவர்," என்றார் அந்தோனி அண்ணன்.

நானாவுக்குக் காது கேட்கவில்லை. கவரை மேசை ஓரத்தில் வைத்து, ஒட்டின் மேல் ஒரு அடி போட்டார். இன்னொரு அடி. மூன்றாவது அடியை முழு பலத்தோடு போட்டார்.

டப்பென்று சத்தம் கேட்டது. மூவரும் குனிந்து பார்த்தோம். புதிதாக ஒரு வெடிப்பு கவரின் மேல் மூலைவரைக்கும் ஓடியிருந்தது. அதுவும் நல்ல பிளாஸ்டிக்கில். என் ஒட்டு மட்டும் அசையாமல் இருந்தது.

நானா சுத்தியலைக் கீழே வைத்தார். கவரை என் பக்கம் தள்ளினார். மீசையை ஒருமுறை தடவினார்.

"தங்கச்சி, இந்த வெடிப்பு நான் போட்டது. இதையும் சேத்து ஒட்டித் தா."

நான் அரத்தாளைக் குனிந்து எடுத்தேன்.

"மூண்டு நாளாகும் நானா. வெச்சிட்டுப் போங்க."